கல்யாணப் படத்தை நிறுத்துவது யார்?

அத்தியாயம் 9

ஆதிகேசவனின் ஸ்கூட்டர் ஆம்பூர் பேருந்து நிலையத்தைத் தாண்டி வாணியம்பாடி சாலையைப் பிடித்தது. அதற்குப் பின்னால், ஒரு தோல் லாரியை மறைவாக வைத்துக்கொண்டு, எலியாஸின் பைக் போனது.

"மேடம், ஆளைப் பாத்தீங்களா? புதுச் சட்டை, கழுத்துல பவுடர், தலையில எண்ணெய் வழியுது. தப்பு பண்ணப் போறவன் இவ்ளோ ஜோடிச்சுக்கிட்டா போவான்?"

"நீ தாலுகா ஆபீஸுக்கே சென்ட் அடிச்சுக்கிட்டுத்தான போற? ரோட்டைப் பாரு," என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த விஜயகுமாரி.

வேலூரில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள் அவள். முக்கால்வாசி வேலை மாப்பிள்ளை விசாரிப்பதுதான். பையன் குடிப்பானா, வேலை நிஜமா, ஏற்கெனவே காதல் உண்டா என்று பார்த்துச் சொல்வாள். அவளுடைய உதவியாளன் எலியாஸுக்கு வாய் மட்டும் இல்லாவிட்டால் அவனைப் பாதி ஊர் நல்லவன் என்று சொல்லும்.

இந்த வழக்கில் மாப்பிள்ளை நல்லவன். அதில் சந்தேகமே இல்லை. படம்தான் ஓடவில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஞானசீலனுக்கும் பள்ளிக்கூட டீச்சர் கிரேஸிக்கும் ஒரே மகள், அக்சா. அயர்லாந்தில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் வேலூர் பாகாயத்துப் பையன் ஜோவினுக்கும் அவளுக்கும் இன்று சாயந்திரம், நம்முடைய நேரத்துக்கு நாலரை மணிக்கு, அங்கேயே ஒரு சிறிய ஊரின் கிறிஸ்தவக் கோயிலில் கல்யாணம். பெற்றவர்களுக்கு விசா கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கோயிலில் ஒரு கேமரா உண்டு. பூசை நடக்கும் பீடத்தை நாள் முழுக்க இன்டர்நெட்டில் காட்டிக்கொண்டே இருக்கும்.

அதற்காகவே ஞானசீலன் கம்ப்யூட்டர் வாங்கினார், பிராட்பேண்ட் இழுத்தார். முதலில் படம் தண்ணீர் மாதிரி ஓடியது. பூ வைக்க வரும் அயர்லாந்து அம்மாள் என்றைக்கு என்ன நிறத்தில் ஸ்வெட்டர் போட்டாள் என்று கிரேஸி டீச்சருக்கு அத்துப்படி.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் வினை. படம் உறையும். நடுவில் ஒரு வட்டம் சுற்றும். மோடத்தை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக ஆக்கினார்கள். வட்டம் மட்டும் போகவில்லை.

நேற்று கிரேஸி டீச்சர் விஜயகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எம் பொண்ணு கல்யாணத்துல நான் அந்த வட்டத்தைத்தான் பாக்கணுமாம்மா? யாரோ வேணும்னே பண்றாங்க. யாருன்னு கண்டுபுடிங்க. தண்டிக்க வேணாம். நாளைக்கு ஒரு நாள் சும்மா இருக்கச் சொல்லுங்க, போதும்."

சந்தேகப்பட ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். கேபிள் ஆதிகேசவன். நெட் வந்த சந்தோஷத்தில் ஞானசீலன், "இனிமே டிவியெல்லாம் இதுலயே பாத்துப்போம், ஒன் கேபிளைக் கழட்டிக்கோ" என்று சொல்லிவிட்டார். தெருவே கேட்கிற மாதிரி சண்டை. அதுவும் போன ஞாயிறுதான்.

"மேடம், ஒண்ணு மட்டும் ஒதைக்குது," என்றான் எலியாஸ் காற்றோடு காற்றாக. "ஆதிகேசவன் கம்பத்துல ஏறி லைனை வெட்டியிருந்தா எல்லாமே நிக்கணும். ஆனா டீச்சர் வீட்ல சினிமாப் பாட்டு ஓடுது, சமையல் ஓடுது. அந்தக் கோயில் மட்டும்தான் நிக்குது."

"அதனாலதான் இவன் பின்னாடி போறோம். லைன்ல கை வைக்கல. நேரா கோயில் மேலயே கை வைக்கிறான். அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். இப்ப இவன் இன்னா பண்ணான்?"

"ஆம்பூர்ல மூணு நெட் சென்டருக்குள்ள நுழைஞ்சான். மூணுலயும் போன வேகத்துல வெளிய வந்தான்."

"ஏன்?"

"மூஞ்சி புடிக்கலியோ என்னமோ."

"மூணு கடை வாசல்லயும் 'சிஸ்டம் காலி இல்லை'ன்னு அட்டை தொங்குச்சு எலியாஸ். சனிக்கிழமை மத்தியானத்துல. பரீட்சை ரிசல்ட் வர்ற நாளா இன்னிக்கு?"

எலியாஸ் யோசித்தான். ரிசல்ட் வரும் நாள் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், பலமுறை எழுதியவன். "இல்ல மேடம்."

"டீச்சர் இன்னொண்ணு சொன்னாங்க. கம்பெனிச் சங்கு ஊதினா கொஞ்ச நேரத்துல படம் நின்னுடுமாம். மத்தியானச் சாப்பாட்டுச் சங்குக்கு ஒரு தடவை, ஷிப்ட் முடியற சங்குக்கு ஒரு தடவை. நடுவுல நல்லாவே ஓடுதாம்."

"அப்ப குற்றவாளி சங்கு ஊதுனாத்தான் வேலைக்கு வர்றான். ஒழுக்கமான குற்றவாளி."

"ஆதிகேசவன் ஷூ கம்பெனியிலயா வேலை பாக்கறான்?"

"இல்ல..."

"அதான் எனக்கும் ஒதைக்குது," என்றாள் விஜயகுமாரி.

வாணியம்பாடி கடைத்தெருவில் ஸ்கூட்டர் நின்றது. பிரியாணிக் கடைக்கும் பர்தா துணிக்கடைக்கும் நடுவே ஒரு மாடிப்படி. அதன் மேலே ஒரு பிரவுசிங் சென்டர். ஆதிகேசவன் படியேறுமுன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டான்.

"மேடம், இது சதி இல்ல. ஏதோ பொண்ணு பாக்கற கேஸு. வாங்க, நம்ம ரெகுலர் தொழிலுக்கே வந்துட்டோம்."

"வாயை மூடிட்டு ஏறு."

மேலே முகப்பில் அக்தரி பேகம் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி, கையில் பின்னிக்கொண்டிருந்த கம்பளி. அவளுக்குப் பின்னால் வரிசையாகத் தடுப்பு அறைகள். எல்லாவற்றிலும் பச்சைத் திரைச்சீலை.

"சிஸ்டம் காலி இல்ல தம்பி. கடைசி மூணை இப்பதான் ஒருத்தர் புடிச்சார்."

"மூணா?" என்றாள் விஜயகுமாரி. "ஒரு ஆளுக்கா?"

"காலையிலயே போன் பண்ணி வெச்சுட்டார். நான் இன்னா பண்றது?"

எலியாஸ் அவள் காதருகே குனிந்தான். "மூணு கம்ப்யூட்டர்ல இருந்து ஒரே நேரத்துல தாக்கப் போறான் மேடம். போலீஸைக் கூப்பிடலாமா?"

விஜயகுமாரி விறுவிறுவென்று கடைசி அறைக்குப் போய்த் திரைச்சீலையைப் பிடித்து இழுத்தாள்.

ஆதிகேசவன் துள்ளி எழுந்தான். அவன் முன்னால் திரையில் ஒரு பீடம், இரண்டு வெள்ளைப் பூச்செண்டுகள். நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டு போட்டிருந்தது. அதற்கடுத்த நாற்காலியில் ஒரு கைக்குட்டை.

"மாட்டினியா!" என்றான் எலியாஸ். "அந்தக் கோயிலை இன்னாய்யா பண்ற?"

"இன்னா பண்றதா? கல்யாணத்துக்கு வந்திருக்கேன்!"

"எந்தக் கல்யாணம்?"

"அக்சா பாப்பா கல்யாணம்! எனக்கும் அவங்க அப்பாவுக்கும் சண்டைன்னா அது கேபிளுக்கு. கல்யாணத்துக்கு இன்னா? சின்னப் புள்ளையில 'ஆதி மாமா, கார்ட்டூன் வரல'ன்னு போன் பண்ணும். ராத்திரி சோத்துல கை வெச்சிருந்தாலும் எழுந்து போய்க் கம்பத்துல ஏறுவேன். அது கல்யாணத்துக்கு நான் வர மாட்டனா?"

"துண்டு எதுக்கு?"

"பொஞ்சாதி பின்னாடி பஸ்ல வர்றா. கைக்குட்டை எம் மச்சினிக்கு. ஆம்பூர்ல எங்கியும் எடம் இல்ல, நல்லவேளை இங்க காலையிலயே சொல்லி வெச்சேன். ஒரு வாரமா தெனம் வந்து பாத்துட்டுத்தான் போறேன், கோயில் படம் தொறக்குதா இல்லியான்னு."

விஜயகுமாரியின் முகம் மாறியது. அடுத்த அறையின் திரைச்சீலையை விலக்கினாள்.

அங்கே பட்டுப் புடவையில் இரண்டு பெண்கள். திரையில் அதே பீடம், அதே வட்டம். "எங்க லைன் சூப்பர்வைசர் பொண்ணு கல்யாணம்," என்றாள் ஒருத்தி, கேட்காமலேயே.

அடுத்த அறையில் ஒரு குடும்பமே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. அதே பீடம். அதற்கடுத்த அறையில் ஆள் இல்லை, நாற்காலி மேல் ஒரு டிபன் கேரியர் மட்டும். திரையில் அதே பீடம்.

எலியாஸ் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே போனான். கடைசித் திரைச்சீலையை விலக்கியதும் சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். "மேடம், வாணியம்பாடியில உக்காந்து அயர்லாந்துல சீட்டுப் போட்டிருக்காங்க!"

விஜயகுமாரி செல்போனில் ஞானசீலனைப் பிடித்தாள்.

"சார், இந்தக் கோயில் அட்ரஸை எத்தினி பேருக்குச் சொன்னீங்க?"

"நேத்தே சொன்னேனேம்மா. நாலு பேருக்குத்தான்."

"எப்படிச் சொன்னீங்க?"

ஞானசீலன் இழுத்தார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஃபாதர் அறிவிப்புல சொன்னார். தமிழ்ப் பூசைக்கு ஒரு தடவை, இங்கிலீஷ் பூசைக்கு ஒரு தடவை. திங்கக்கிழமை கம்பெனி மைக்குல நான் சொன்னேன். அப்புறம் எங்க கம்பெனி ஆளுங்க பள்ளிகொண்டா பிராஞ்ச்ல சொல்லியிருப்பாங்க... கூப்புடாம எப்படிம்மா விடறது? நாளைக்கு மூஞ்சி காட்ட வேணாமா?"

விஜயகுமாரி போனை மூடினாள். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள்.

"எலியாஸ், அது சின்ன ஊர்க் கோயில். எழுந்து வர முடியாத பத்துப் பாட்டிங்க படுத்துக்கிட்டே பூசை பாக்கட்டும்னு ஒரு கேமரா வெச்சிருக்காங்க. தெருக்குழாய் மாதிரி, பத்துக் கொடம் புடிக்கலாம். ஆம்பூரே கொடத்தை எடுத்துட்டுப் போய் நின்னா? ஆளுக்கொரு சொட்டுதான். சங்கு ஊதினதும் கம்பெனி ஆளுங்க வெளிய வந்து, நெட் சென்டர்ல கோயில் தெரியுதான்னு ஒரு தடவை பாத்துட்டுப் போறாங்க. அதான் அப்பல்லாம் நிக்குது."

ஆதிகேசவன் பொத்தென்று உட்கார்ந்தான். "அப்ப... படத்தை நிறுத்தினது நானாம்மா?"

"நீங்களும்."

"ஊரே குற்றவாளி மேடம்," என்றான் எலியாஸ். "விலங்கு பத்தாது."

சிரிப்பு அடங்கியதும் விஜயகுமாரி கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் மூன்றைத் தாண்டியிருந்தது. குற்றவாளியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் டீச்சர் கேட்டது குற்றவாளியை அல்ல. படத்தை.

"எல்லாரையும் அணைக்கச் சொல்லணும்," என்றாள். "ஆனா சொன்னா கேப்பாங்களா? கல்யாணத்துக்கு வந்தவங்களை எழுந்து போன்னு எப்படிச் சொல்றது?"

ஆதிகேசவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம்.

"போகச் சொல்ல வேணாம்மா. டீச்சர் வீட்டு கம்ப்யூட்டர்ல மட்டும் படம் ஓடட்டும். அதுல இருந்து ஒரு ஒயரு இழுத்து என் லோக்கல் சேனல்ல கோத்துடறேன். ஒரே கொடம். ஆம்பூர்ல டிவி இருக்கற வீட்லயெல்லாம் பாப்பாங்க!"

எலியாஸ் அவனைக் கட்டிக்கொண்டான். "தோஸ்த்! உன்னைப் போய்ப் புடிக்க வந்தமே!"

அக்தரி பேகம் பின்னலைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். ஆம்பூர், வாணியம்பாடி நெட் சென்டர்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பழக்கம். "கல்யாண ஜனத்தை வீட்டுக்கு அனுப்புங்க, கேபிள்ல வருதாம்" என்று உருதுவிலும் தமிழிலும் மாற்றி மாற்றி உத்தரவு போட்டாள். அறைகள் காலியாயின. ஒரே ஒரு திரை மட்டும் அவள் மேஜையில் ஒளிர்ந்தது.

"நான் ஒரு ஆள்தானே? எங்க ஊர்ல அவர் கேபிள் வராது."

"ஆபா!" என்று அக்கா முறை கொண்டாடி இழுத்தான் எலியாஸ்.

"சரி சரி, பேஜார் பண்ணாத." அணைத்தாள்.

*

ஞானசீலன் வீட்டு வாசலில் பந்தல், தெருவோரம் பிரியாணி வேகும் பெரிய தேக்சா. ஆதிகேசவன் உள்ளே நுழைந்ததும் ஞானசீலன் விறைத்துக்கொண்டு நின்றார்.

"கேபிளைக் கழட்டச் சொன்னீங்களே சார். இப்ப மாட்டட்டுமா?"

"மாட்டுப்பா. சீக்கிரம் மாட்டு."

"ஒரு வார்த்தை பாசமா சொல்லுங்க."

"மாட்டுடா ஆதி!"

ஆதிகேசவன் மாடிக்கு ஓடினான். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாகப் போய், மாடி ஏறி, கம்பத்தை அடைந்தது. ஆம்பூர் டிவிகளின் அடியில் எழுத்துகள் ஓடின: 'தயவுசெய்து நெட்டை அணைக்கவும். கல்யாணம் இங்கேயே வரும்.'

வட்டம் மறைந்தது.

பூ வைக்கிற அம்மாள் நடந்து போனாள். உண்மையாகவே நடந்தாள், காலை எடுத்து வைத்தாள். ஹாலில் கைதட்டல். வெள்ளைப் புடவையில் அக்சா வந்தபோது கிரேஸி டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஜோவின் கோட்டின் பட்டனைத் திருகிக்கொண்டே நின்றான். அந்தக் கோயில் சாமியார் அவனிடம், இவளை மனைவியாக ஏற்கிறாயா என்று கேட்டார். அவன் சம்மதம் சொன்னான். சாமியார் அக்சாவின் பக்கம் திரும்பினார்.

படம் உறைந்தது.

அடுத்த நொடி, பக்கத்து வீடு, எதிர் வீடு, பின் தெரு என்று எல்லா வீட்டிலிருந்தும் ஒரே "ஐயோ!" கேட்டது.

"யாரு? யாரு இன்னும் அணைக்கல?" எலியாஸ் போனில் கத்தினான். "ஆபா, நீங்களா?"

"அல்லா சத்தியமா இல்ல தம்பி!"

கிரேஸி டீச்சர் அசையவில்லை. அசையாமல் நின்ற தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் முந்தானையை முறுக்கின.

விஜயகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். இது தெருக்குழாய்ப் பிரச்சினை இல்லை. அதுவாக இருந்தால் முதலிலேயே நின்றிருக்கும். இது இந்த வீட்டுக்குள் வருகிற சின்னக் குழாய், இந்த வீட்டு பிராட்பேண்ட். அதில் வேறு யாரோ வாய் வைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் கேட்டது. ஹாலில் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. ஆனால் எங்கேயோ, மிக மெலிதாக, ஒரு ஆங்கிலக் குரல் பேசிக்கொண்டே இருந்தது.

"டீச்சர், சார் எங்க?"

"வெளிய தேக்சாகிட்ட இருக்கறேன்னு போனார்."

விஜயகுமாரி படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

கட்டிலின் ஓரத்தில் ஞானசீலன். மடியில் கம்பெனி லேப்டாப். வாயில் துண்டைச் சுருட்டி அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துண்டை எடுத்தார்.

"அத்தினி பேர் முன்னாடி எப்படிம்மா அழுவறது? நான் சூப்பர்வைசர்மா... சின்னதாத்தானே பாக்கறேன், ஒண்ணும் ஆவாதுன்னு..."

"சார், அதை மூடுங்க!" என்று பின்னால் வந்த எலியாஸ் கையை நீட்டினான்.

"தொடாத!" விஜயகுமாரி அவன் கையைத் தட்டிவிட்டாள். லேப்டாப்பில் படம் ஓடிக்கொண்டிருந்தது. சாமியார் அக்சாவிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். இதை மூடி, அது மறுபடி உயிர் பெறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். "டீச்சர்! இங்க ஓடுது! ஓடி வாங்க!"

கிரேஸி டீச்சர் ஓடிவந்தாள். அத்தனை வருஷம் பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகளை ஓடக் கூடாது என்று அதட்டியவள், ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து கணவர் பக்கத்தில் தொப்பென்று விழுந்தாள். விஜயகுமாரி எலியாஸை வெளியே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அதன் முன்னால் காவலுக்கு நின்றாள்.

"இன்னா மேடம், நாம பாக்க வேணாமா?"

"வேணாம்."

ஹாலில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். மாடியிலிருந்து ஆதிகேசவன், "என் பக்கம் சரியாத்தான் இருக்குது, சத்தியமா!" என்று அலறினான்.

கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. விஜயகுமாரி காதைக் கதவில் வைத்தாள்.

கதவு படாரென்று திறந்தது. கிரேஸி டீச்சர் நின்றாள். கன்னமெல்லாம் ஈரம், மூக்குத்தி வரை ஈரம். அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஞானசீலன், அத்தனை பேர் முன்னாலும், குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

"சரின்னு சொல்லிட்டா!" என்றாள் டீச்சர். "கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டா, அவசரக்குடுக்கை! சாமியாரே சிரிச்சுட்டார்!"

ஹால் கூரை போகிற மாதிரி ஆர்ப்பரித்தது. எலியாஸ் வாசலுக்கு ஓடினான். "ஆதி! பொண்ணு சரின்னுடுச்சு!"

மாடியில் நின்ற ஆதிகேசவன் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டான். "சரின்னுடுச்சாம்!"

எதிர் மாடியில் நின்றவர்கள் அதைப் பின் தெரு மாடிக்குச் சொன்னார்கள். அவர்கள் அடுத்த மாடிக்கு. "சரின்னுடுச்சாம்! சரின்னுடுச்சாம்!" என்று அது மாடி மாடியாகத் தாவி, கம்பெனி ரோட்டைத் தாண்டி, ரயில்வே கேட்டையும் தாண்டிப் போனது. எங்கேயும் நிற்கவில்லை.